மேல்மலை, கீழ்மலைச் சாலைகளில் கிராவல் சைக்கிள்: அறிகுறி பார்த்துக் கோளாறு நீக்கும் வழிகள்

கொடைக்கானல் ஏரிக்கரை நெரிசலைத் தாண்டி மேல்மலைப் பக்கம் திரும்பினால் பூம்பாறை, மன்னவனூர், கவுஞ்சி, பூண்டி, கிளாவரை என்று ஊர்கள் வருகின்றன. பெருமாள்மலைக்குக் கீழே இறங்கினால் பண்ணைக்காடு, தாண்டிக்குடி, ஆடலூர் என்று கீழ்மலை விரிகிறது. ஜல்லி பெயர்ந்த ஊர்ச்சாலைகளும் பூண்டு, பீன்ஸ் வயல்களுக்குப் போகும் மண் பாதைகளும் அகல டயர் போட்ட கிராவல் சைக்கிளுக்கென்றே அமைந்தவை. வெகுநேரம் மிதித்தாலும் எதிரே வருவது ஒரு காய்கறி வண்டியும் மூட்டை சுமக்கும் குதிரைகளும்தான். அதே காரணத்தால், நடுவழியில் சைக்கிள் மக்கர் செய்தால் கைகொடுக்கவும் ஆள் இருக்காது. டிஸ்க் பிரேக் பேடையோ பதினொரு கியர் செயினையோ இந்த ஊர்க் கடைகளில் எதிர்பார்க்க முடியாது.

ஆகவே ஒரே ஒரு விதியை மட்டும் உறுதியாகப் பிடித்துக்கொள்ளுங்கள்: காரணம் தெரியாத எந்த அறிகுறியோடும் இறக்கத்தில் இறங்காதீர்கள். ஏற்றத்தில் வரும் கோளாறு உங்களை நிறுத்திவிடும். இறக்கத்தில் வரும் கோளாறு உங்களை நிற்க விடாது. கீழே உள்ளவற்றை அந்த வரிசையில்தான் தந்திருக்கிறேன், ஆபத்தானவை முதலில்.

பிரேக் பிடி ஹேண்டில்பாரைத் தொடும் அளவுக்கு உள்ளே வருகிறது

உடனே நிறுத்துங்கள். நிறுத்திய பிறகு யோசிக்கலாம்.

பெருமாள்மலையிலிருந்து அடுக்கம் வழியாகக் கும்பக்கரைக்கு இறங்கும் சாலையில் ஆயிரம் மீட்டருக்கும் மேல் உயரம் குறைகிறது. ஆளும் சைக்கிளும் பையும் சேர்ந்து 90 கிலோ என்று வைத்துக்கொள்வோம். ஆயிரம் மீட்டர் இறக்கத்தில் வெளிப்படும் ஆற்றல் இரண்டரை லிட்டர் தண்ணீரைக் கொதிக்க வைக்கப் போதும். வேகமாகப் போனால் அதில் பெரும்பகுதியைக் காற்று வாங்கிக்கொள்ளும். வளைவும் பள்ளமும் நிறைந்த சாலையில் மெதுவாக இறங்கும்போது எல்லாவற்றையும் அந்த இரண்டு மெல்லிய டிஸ்க்குகள்தான் தாங்க வேண்டும்.

முதலில் பிடியை நான்கைந்து முறை அழுத்தி விடுங்கள்.

பிடி ஒவ்வொரு அழுத்தலுக்கும் இறுகிக்கொண்டே வந்தால், ஹைட்ராலிக் பிரேக்கின் (கேபிளுக்குப் பதில் திரவத்தால் இயங்குவது) குழாயில் காற்று புகுந்திருக்கிறது, அல்லது பேட் தேய்ந்துவிட்டது. எப்படி அழுத்தினாலும் பஞ்சு போலவே இருந்து, வெகுநேரம் ஆறிய பிறகு மட்டும் பழையபடி இறுகினால், திரவம் சூட்டில் கொதித்திருக்கிறது. டாட் (DOT) வகைப் பிரேக் திரவம் காலப்போக்கில் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும், அதனால் அதன் கொதிநிலை இறங்கிக்கொண்டே போகும். மாற்றி நாளாகியிருந்தால் சந்தேகமே வேண்டாம், அதுதான் காரணம். ஆறியதும் இறுகிவிட்டதே என்று நம்பி அதே மாதிரி இறங்கினால் மீண்டும் கொதிக்கும். இறங்கித் தள்ளிக்கொண்டு போங்கள், அல்லது சரிவு குறைந்த இடங்களில் மட்டும் ஏறி ஓட்டுங்கள்.

பிடி கல் மாதிரி இறுக்கமாக இருந்தும் வண்டி நிற்கவில்லை என்றால் கோளாறு வேறு. திரவம் நன்றாகவே இருக்கிறது, பேடின் மேற்பரப்புதான் சூட்டில் பளபளத்துவிட்டது. பேடைக் கழற்றிச் சொரசொரப்பான உப்புத்தாளில் தேய்த்தால் திரும்பப் பிடிக்கும். உப்புத்தாள் இல்லாவிட்டால் சாலையோரத்துச் சிமெண்ட் தடுப்புச் சுவரே போதும்.

கேபிள் பிரேக் என்றால் விஷயம் எளிது. கேபிள் நீண்டிருக்கும் அல்லது பேட் தேய்ந்திருக்கும். பிடியருகிலோ, பேடுகளைத் தாங்கும் காலிப்பரிலோ உள்ள திருகை இடப்பக்கம் திருப்பிக் கேபிளை இறுக்குங்கள். பல கேபிள் பிரேக்குகளில் ஒரு பக்கப் பேட் மட்டுமே நகரும், மறுபக்கப் பேட் நகராது. அந்த நகராத பேட் தேய்ந்துவிட்டால் கேபிளை எவ்வளவு இறுக்கியும் பயனில்லை. காலிப்பரின் உள்பக்கத்துத் திருகைச் சுழற்றி அதை டிஸ்க்கை ஒட்டிக் கொண்டுவர வேண்டும். பலரும் மறப்பது இந்தத் திருகைத்தான்.

பேடின் உராய்வுப் பகுதி அரை மில்லிமீட்டருக்கு வந்துவிட்டால் அதன் ஆயுள் முடிந்தது. மழையில் இன்னும் முன்கூட்டியே மாற்றிவிடுங்கள். ஈரத்தோடு மணலும் சேரும்போது ரெசின் பேட் கரைவதைக் கண்ணால் பார்க்கலாம். கிளம்பும்போது பாதி இருந்தது மாலைக்குள் தகடாகிவிடும். ஒரு ஜோடிப் பேடின் எடை மிகக் குறைவு. எடுத்துப் போகாமல் இருக்க ஒரு காரணமும் எனக்குத் தெரியவில்லை.

சூடான டிஸ்க்கில் தண்ணீர் ஊற்றாதீர்கள், கோணிவிடும். விரலாலும் தொட வேண்டாம். பிரேக்கை விடாமல் தேய்த்துக்கொண்டே இறங்குவதைவிட, நேர்ச்சாலையில் சற்று ஓடவிட்டு, வளைவுக்கு முன்னால் இரண்டு பிரேக்கையும் சேர்த்துப் பலமாகப் பிடித்து, பிறகு முழுவதும் விட்டுவிடுவது நல்லது. விட்ட நேரத்தில்தான் டிஸ்க் ஆறும்.

பிரேக் கத்துகிறது

பனிமூட்டத்திலும் மழையிலும் கத்தினால், ஈரம் காய்ந்ததும் தானே நிற்கும். காய்ந்த சாலையிலும் கத்தி, கூடவே பிடிப்பும் குறைந்திருந்தால் எண்ணெய் பட்டிருக்கிறது. பெரும்பாலும் அது செயினுக்குத் தெளித்த எண்ணெய். ஸ்பிரே டப்பாவால் செயினுக்கு எண்ணெய் அடிப்பவர்கள் அந்தப் பழக்கத்தை விட்டுவிடுங்கள், சொட்டுச் சொட்டாக விடுவதே சரி. டிஸ்க்கை ஸ்பிரிட்டால் துடைக்கலாம். பேட் எண்ணெயில் ஊறிவிட்டால் மாற்றுவது ஒன்றே வழி.

வேகமாக இறங்கும்போது முன்பக்கம் நடுங்குகிறது

முழங்கால்களால் சட்டத்தின் மேல்குழாயை இறுக்கிப் பிடியுங்கள். கைப்பிடியை மட்டும் இறுக்கிப் பிடித்தால் நடுக்கம் கூடும். உடல் எடையைப் பெடலுக்கு மாற்றி, மெதுவாக வேகத்தைக் குறைத்து நில்லுங்கள்.

நின்றதும் முன்பிரேக்கைப் பிடித்துக்கொண்டு சைக்கிளை முன்னும் பின்னும் ஆட்டிப் பாருங்கள். ஹேண்டில்பாருக்குக் கீழே 'டக் டக்' என்று ஆட்டம் தெரிந்தால் ஹெட்செட், அதாவது ஹேண்டில்பார் திரும்பும் இடத்து பேரிங், தளர்ந்திருக்கிறது. ஹேண்டில்பாரைத் தாங்கும் ஸ்டெம்மின் பக்கத்துப் போல்ட்டுகளைத் தளர்த்தி, மேல்போல்ட்டை ஆட்டம் நிற்கும் வரை மட்டும் இறுக்கி, பிறகு பக்கத்துப் போல்ட்டுகளை இறுக்க வேண்டும். இந்த வரிசை மாறினால் ஆட்டம் நிற்காது. அடுத்து முன்சக்கர ஆக்சில், அதற்கும் அடுத்து தளர்ந்த ஸ்போக். எல்லாம் சரியாக இருந்தால், நடுங்குவது நீங்கள்தான். மார்கழி, தை மாதங்களில் மேல்மலையில் உறைபனி விழும் காலையில் வேர்த்த உடம்போடு இறங்கினால் தோளின் நடுக்கம் அப்படியே கைப்பிடிக்கு இறங்கும். சட்டைக்குள் மார்பை ஒட்டி மடித்த செய்தித்தாளை வைத்துக்கொள்ளுங்கள். மன்னவனூர் டீக்கடையில் கேட்டால் நேற்றைய தாளைக் கொடுப்பார்கள்.

காற்று இறங்கிவிட்டது, அல்லது இறங்கிக்கொண்டே இருக்கிறது

இங்கே முதலில் ஒரு தவறான நம்பிக்கையைத் தீர்த்துவிடலாம். வத்தலக்குண்டில் காற்றடித்துவிட்டு 2,133 மீட்டர் உயரத்திலுள்ள கொடைக்கானலுக்கு வந்தால் டயரில் அழுத்தம் கூடிவிடும், ஆகவே கொஞ்சம் இறக்கிவிட வேண்டும் என்பார்கள். வெளிக்காற்றின் அழுத்தம் குறைவதால் டயரின் அழுத்தம் சுமார் 3 பிஎஸ்ஐ கூடுவது உண்மைதான். ஆனால் அடிவாரத்தின் 35 டிகிரி வெயிலிலிருந்து மலையின் 12 டிகிரி குளிருக்கு வரும்போது, சுருங்கும் காற்று அதையும் சற்று அதிகமாகவும் திருப்பி எடுத்துக்கொள்கிறது. 40 பிஎஸ்ஐ அடித்திருந்தால் மேலேயும் ஏறக்குறைய அதேதான் இருக்கும். காலையில் டயர் தொய்ந்திருந்தால் உயரத்தின் மேல் பழி போடாமல் ஓட்டையைத் தேடுங்கள்.

டியூபைக் கழற்றிப் பார்க்கும்போது ஓட்டையின் வடிவமே காரணத்தைச் சொல்லிவிடும். பக்கத்தில் பக்கத்தில் இரண்டு சிறு கீறல்கள் என்றால், கல்லுக்கும் ரிம்முக்கும் நடுவில் டியூப் நசுங்கியிருக்கிறது, காற்று போதவில்லை. வெளிப்பக்கம் ஒரே புள்ளி என்றால் முள் அல்லது கண்ணாடி. அதை டயரிலிருந்து எடுக்காமல் புது டியூப் போட்டால் சற்று நேரத்தில் அதே கதைதான், ஆகவே டயரின் உள்பக்கம் முழுவதும் விரலை மெதுவாக ஓட்டிப் பாருங்கள். உள்பக்கம், ரிம்மைப் பார்த்த பக்கத்தில் ஓட்டை என்றால் ரிம் டேப் விலகி ஸ்போக் துளை டியூபைக் கடித்திருக்கிறது. வால்வின் அடியில் கிழிந்திருந்தால் பம்பை வளைத்து வளைத்து அடித்திருக்கிறீர்கள்.

40 மி.மீ. டயர், 70 கிலோ ஆள் என்றால் டியூப்லெஸ்ஸில் 30 முதல் 35 பிஎஸ்ஐ வரை வைத்துத் தொடங்கலாம், டியூப் என்றால் 40. பின்சக்கரத்துக்கு இரண்டு பிஎஸ்ஐ கூட.

டியூப்லெஸ்ஸில் சீலண்ட் திரவம் ஓட்டையை அடைக்காமல் வழிந்துகொண்டே இருந்தால் ஓட்டைக்குள் திணிக்கும் இழைத்திரி தேவை. வழியவே இல்லை, வெறும் காற்றுதான் வருகிறது என்றால் திரவம் காய்ந்துவிட்டது. அடிவார வெயிலில் நிறுத்தும் சைக்கிளில் இரண்டு மூன்று மாதத்துக்குள் காய்வது வழக்கம். டயரின் பக்கவாட்டைக் கூர்க்கல் கிழித்துவிட்டால், பழைய டயரில் வெட்டிய துண்டை உள்ளே வைத்து டியூபைப் போடுங்கள். அதுவும் இல்லையென்றால் பல மடிப்பாக மடித்த ரூபாய் நோட்டு அடுத்த ஊர் வரை தாங்கும்.

பஞ்சர் கடைகளைப் பற்றி ஒரு வார்த்தை. பூம்பாறை, பண்ணைக்காடு போன்ற ஊர்களில் பஞ்சர் ஒட்டுபவர்களின் கைவேலை மிக நன்றாகவே இருக்கும். நமது சைக்கிள் புதிதாகத் தோன்றினாலும் ரப்பர் ரப்பர்தான். அவர்களைத் திணற வைப்பது வால்வு. அவர்களிடம் உள்ள குழாய் மோட்டார் சைக்கிள், ஜீப் வால்வுக்கானது. பம்பு சாதாரணச் சைக்கிளின் வால்வு டியூபுக்கானது. நமது பிரெஸ்டா வால்வு மூன்றாவது ரகம். சுண்டுவிரல் நகம் அளவுள்ள பித்தளை அடாப்டர் ஒன்றைச் சாவிக்கொத்தில் மாட்டி வைத்தால், மலையிலுள்ள எல்லா கம்ப்ரஸரும் உங்களுக்கு உதவும். பிரெஸ்டாவின் மேல்திருகைத் தளர்த்திய பிறகே அடாப்டரைப் பொருத்த வேண்டும் என்பதையும் கம்ப்ரஸரை நொடி நொடியாகத் திறந்து மூட வேண்டும் என்பதையும் கடைக்கார அண்ணனிடம் சொல்லிவிடுங்கள்.

பின்சக்கரம் ஏற்றத்தில் வழுக்குகிறது, முன்சக்கரம் வளைவில் விலகுகிறது

ஏற்றத்தில் எழுந்து நின்று மிதித்தால் பின்சக்கரத்தின் மேல் எடை குறையும். சீட்டின் முன்நுனிக்கு நகர்ந்து உட்கார்ந்து, முழங்கையை மடக்கி, சீராக மிதியுங்கள். அதற்கும் கேட்காவிட்டால் இரண்டு பிஎஸ்ஐ இறக்குங்கள்.

வளைவில் பைன் இலைகளைக் கவனிக்க வேண்டும். காய்ந்த பைன் ஊசிகள் சாலையில் படுக்கையாகக் கிடக்கும் இடத்தில் டயர் தரையைத் தொடுவதே இல்லை. யூகலிப்டஸ் பட்டையும் அப்படித்தான். அந்தப் படுக்கைமேல் திருப்பவோ பிரேக் பிடிக்கவோ கூடாது. முன்னதாகவே வேகத்தைக் குறைத்து, சைக்கிளை நிமிர்த்தி நேராகக் கடந்துவிடுங்கள்.

அழுத்தி மிதித்தால் செயின் துள்ளுகிறது

ஒரே ஒரு பல்சக்கரத்தில் மட்டும் துள்ளினால் அந்தப் பல்சக்கரம் தேய்ந்தது. எல்லாவற்றிலும் துள்ளினால் கேபிள் அல்லது ஹேங்கர், அதாவது டிரெயிலரைச் (செயினைப் பல்சக்கரம் மாற்றும் பின்பக்கக் கருவி) சட்டத்தோடு இணைக்கும் துண்டு. செயின் ஒவ்வொரு சுற்றிலும் ஒரே இடத்தில் தடுக்கினால் ஏதோ ஒரு இணைப்பு இறுகிவிட்டது. செயினைப் பக்கவாட்டில் மெதுவாக வளைத்துத் தளர்த்தலாம்.

பின்னாலிருந்து குனிந்து பாருங்கள். டிரெயிலரின் இரண்டு சிறு சக்கரங்களும் பல்சக்கரத்துக்கு நேர்கோட்டில் தொங்க வேண்டும். உள்பக்கம் சாய்ந்திருந்தால், எங்கோ சைக்கிள் வலப்பக்கம் விழுந்து ஹேங்கர் வளைந்திருக்கிறது. இந்த நிலையில் மிகப்பெரிய பல்சக்கரத்துக்கு மாற்றாதீர்கள், டிரெயிலர் ஸ்போக்கில் சிக்கி இரண்டும் போய்விடும். கையால் நிமிர்த்துவதானால் ஒரே முறை, மிக மெதுவாக. அலுமினியம் இரண்டாவது முறை வளைவதற்குள் முறிந்துவிடக்கூடும். ஹேங்கர் ஒவ்வொரு சைக்கிளுக்கும் தனி வடிவம் என்பதால் உங்கள் சைக்கிளுக்கானதை வாங்கிப் பையின் அடியில் நிரந்தரமாகப் போட்டு வைக்க வேண்டியதுதான்.

ஹேங்கர் நேராக இருந்து, பெரிய பல்சக்கரத்துக்கு ஏற மட்டும் தயங்கினால் கேபிள் தளர்வு. டிரெயிலர் அருகிலுள்ள திருகை இடப்பக்கம் கால் சுற்றுக் கால் சுற்றாகத் திருப்புங்கள். சிறிய பல்சக்கரத்துக்கு இறங்கத் தயங்கினால் எதிர்ப்பக்கம்.

முழங்கால் வலிக்கிறது

முட்டியின் முன்பக்கம் வலித்தால் சீட் தாழ்வு அல்லது கியர் கனம். பின்பக்கம் வலித்தால் சீட் உயரம் அதிகம். மலையில் பெரும்பாலும் கியர்தான். முன்னும் பின்னும் ஒரே அளவுப் பல்சக்கரம் இருந்தால் நிமிடத்துக்கு 60 சுற்று மிதிக்க மணிக்கு சுமார் 8 கி.மீ. வேகம் வேண்டும். பத்து சதவீத ஏற்றத்தில் சாதாரண ஆளால் ஐந்து, ஐந்தரை கி.மீ.தான் முடியும். அப்போது நிமிடத்துக்கு 40 சுற்றுதான் சுழலும், மீதி பாரமெல்லாம் முட்டியில் இறங்கும். சமவெளிக்காகச் செய்த கியரோடு இங்கே வராதீர்கள். முன்னால் 30 அல்லது 32 பல், பின்னால் 40 பல்லுக்கு மேல் என்பது மலைக்கு ஏற்ற அளவு.

சேறு அடைத்துச் சக்கரம் நிற்கிறது

ஐப்பசி, கார்த்திகை மழையில் தோட்டத்து மண் பாதை பசையாகிவிடும். பலத்தைக் காட்டி மிதிக்காதீர்கள், முறிவது டிரெயிலராக இருக்கும். இறங்கிக் குச்சியால் சுரண்டி, புல்லோரமாகத் தள்ளிக்கொண்டு போய், ஓடையில் கழுவிச் செயினுக்கு எண்ணெய் விடுங்கள். நின்ற இடத்தில் காலைப் பாருங்கள், அட்டை ஏறியிருக்கும். பிடுங்காமல் அதன் வாய் ஒட்டிய இடத்தில் நகத்தைச் சறுக்கி எடுத்து, இரத்தம் நிற்கும் வரை அழுத்திப் பிடியுங்கள். அட்டையின் எச்சில் இரத்தத்தை உறையவிடாது என்பதால் நெடுநேரம் கசியும், பயப்பட வேண்டாம்.

மிதிக்கும்போது கிரீச் சத்தம்

எழுந்து நின்று மிதியுங்கள். நின்றுவிட்டால் சத்தம் சீட் கம்பியிலிருந்து. மிதிக்காமல் ஓடவிட்டும் கேட்டால் சக்கரம் அல்லது ஆக்சில். மிதித்தால் மட்டும் என்றால் பெடல், கிராங்க் போல்ட். இது பயணத்தை நிறுத்த வேண்டிய கோளாறு இல்லை, கிராங்க் ஆடாத வரையில்.

தலை வலிக்கிறது, கால் ஓய்ந்துவிட்டது

கொடைக்கானல் உயரத்தில் காற்றழுத்தம் கடல் மட்டத்தில் இருப்பதில் நான்கில் மூன்று பங்குக்குச் சற்று அதிகம். மூச்சு வாங்கும், வழக்கமான வேகம் வராது. ஆனால் உயரத்தால் வரும் நோய் பெரும்பாலும் 2,500 மீட்டருக்கு மேல்தான் தொடங்கும். இங்கே தலைவலி என்றால் முதலில் தண்ணீரையும் உப்பையும் நினையுங்கள். குளிரில் தாகமே தெரியாது. கால் திடீரென்று வெறுமையானால் அது பசி. கீழ்மலையில் மலைவாழைப் பழம் வாங்கிக்கொள்ளுங்கள், கடலை மிட்டாய் எப்போதும் பையில் இருக்கட்டும்.

கைபேசி வழி காட்டுகிறது, எதிரே கேட் நிற்கிறது

கேட் சொல்வதுதான் சரி. கொடைக்கானல் வனவிலங்கு சரணாலயம் 2013இல் அறிவிக்கப்பட்டது. வரைபடத்தில் கோடாகத் தெரியும் பல பாதைகள் காட்டுக்குள் போகின்றன. பேரிஜம் ஏரிக்கு வனத்துறை அனுமதி வேண்டும். மூணாறுக்குப் போகும் பழைய சாலை மூடியே கிடக்கிறது. தோட்டத்து வழி என்றால் காவலாளி ஐயாவிடம் கேட்டுப் பாருங்கள், சில இடங்களில் விடுவார்கள். மறுத்தால் வாதாடாமல் திரும்புங்கள். சைக்கிளைக் காரில் ஏற்றி வருபவர்களுக்கு, 2024 மே முதல் காருக்கு இ-பாஸ் கட்டாயம்.

பாதையில் காட்டுமாடு நிற்கிறது

தூரத்திலேயே நில்லுங்கள். மணியடிக்காதீர்கள், கத்தாதீர்கள், கன்றுக்கும் தாய்க்கும் நடுவில் போகாதீர்கள். சைக்கிளை உங்களுக்கும் அதற்கும் நடுவில் வைத்துக்கொண்டு காத்திருந்தால் தானே விலகும். கீழ்மலையில் ஆடலூர், பாச்சலூர் பக்கம் யானை உண்டு. சாலையில் புதுச் சாணமும் முறிந்த கிளையும் கண்டால் திரும்பிப் போய் அருகிலுள்ள ஊரில் கேளுங்கள். யானை எங்கே நிற்கிறது என்று ஊரில் எல்லோருக்கும் தெரிந்திருக்கும். விடியலிலும் அந்தி சாய்ந்த பிறகும் அந்தப் பக்கம் ஓட்டவே வேண்டாம்.

எதுவும் சரியாகவில்லை, வண்டியில் ஏற்றித்தான் போக வேண்டும்

காய்கறி ஏற்றும் வண்டிகள் நிற்கும். கூலியை ஏறும் முன்பே பேசிக்கொள்ளுங்கள். முன்சக்கரத்தைக் கழற்றினால் பிரேக் பேடுகளுக்கு நடுவில் மடித்த அட்டைத் துண்டைச் செருகுங்கள். டிஸ்க் இல்லாமல் யாராவது பிடியை அழுத்திவிட்டால் இரண்டு பேடும் ஒட்டிக்கொள்ளும், பிறகு சக்கரம் உள்ளே போகாது. சைக்கிளை இடப்பக்கம் கீழாகப் படுக்க வையுங்கள், வலப்பக்கம் டிரெயிலர் இருக்கிறது. ஹைட்ராலிக் பிரேக் என்றால் இறக்கியதும் நிமிர்த்தி வைத்துச் சற்று நேரம் கழித்துப் பிடியை அழுத்திப் பார்த்துவிட்டே ஏறி உட்காருங்கள்.